இரண்டு கதவு மின்சாரப் பிக்கப்: 50 டாலர் கட்டியவர் காத்திருக்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சி மாநிலம் எடிசனில் வார இறுதிகளில் கேட்டரிங் தொழில் செய்து வருகிறேன். வளைகாப்பு, பிறந்தநாள், கோயில் விழா என்று வேலை இருக்கும் நாளில் வண்டி 70 மைல் வரை ஓடும். இப்போதிருக்கும் மினிவேனுக்கு 11 வயதாகிவிட்டது. ஸ்லேட் நிறுவனத்தின் இரண்டு கதவு மின்சாரப் பிக்கப் 20,000 டாலருக்குள் கிடைக்கும் என்று 2025ஆம் ஆண்டு கேள்விப்பட்டவுடன் 50 டாலர் கட்டி முன்பதிவு செய்துவிட்டேன். இப்போது அந்த விலைக்குக் கிடைக்காது என்கிறார்கள். ரேடியோகூட இல்லாத வண்டி அமெரிக்காவில் விலைபோகாது, நிறுவனமே காணாமல் போய்விடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். இந்த வண்டி சந்தையில் நிற்குமா? முன்பதிவை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: முன்பதிவுத் தொகை திரும்பக் கிடைக்கக்கூடியது என்பதால் அவசரப்பட்டு அதை ரத்து செய்ய வேண்டியதில்லை. ஆனால் அதை நம்பி மினிவேனை விற்றுவிடாதீர்கள். வண்டி சந்தையில் நிற்குமா என்ற கேள்விக்கும் அது உங்கள் தொழிலுக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கும் விடைகள் வேறு வேறு. முதலாவதற்கு, விலை ஓரிடத்தில் நின்றால் அளவான வெற்றி கிடைக்கும் என்பது என் கணிப்பு. இரண்டாவதற்கு என் விடை உங்களுக்கு அவ்வளவு உவப்பாக இருக்காது.

மிச்சிகன் மாநிலம் ட்ராய் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்த நிறுவனம், ஜெஃப் பெசோஸ் உள்ளிட்டோரின் முதலீட்டோடு உருவாகி, 2025 ஏப்ரலில் தன் வண்டியை மக்கள் முன் நிறுத்தியது. இரண்டு கதவு, இரண்டு இருக்கை, பின்னால் ஐந்தடி நீளச் சரக்குப் பெட்டி. கண்ணாடியை இறக்கக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். ரேடியோவும் ஒலிபெருக்கியும் கிடையாது; நடுவில் பெரிய திரை இருக்க வேண்டிய இடத்தில் நம் கைபேசியை மாட்டிக்கொள்ள ஒரு தாங்கி இருக்கிறது. அதே சமயம் ஏர் கண்டிஷனர், காற்றுப்பைகள், தானியங்கி அவசரப் பிரேக் ஆகியவை அடிப்படை வண்டியிலேயே உண்டு. உயிருக்கு வேண்டியதில் கை வைக்காமல் வசதிக்கு வேண்டியதில் மட்டும் குறைத்திருக்கிறார்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது.

வெளிப்புறப் பலகைகள் சாயம் பூசாத சாம்பல் நிறப் பிளாஸ்டிக். ஒரு கார் தொழிற்சாலையில் பெரும் பணத்தை விழுங்குபவை சாயப்பட்டறையும், இரும்புத் தகட்டை அழுத்தி உருக்கொடுக்கும் ராட்சத அழுத்த இயந்திரங்களும்தான். பிளாஸ்டிக்கின் நிறத்தையே வண்டியின் நிறமாக விட்டுவிட்டு, வேண்டியவர் மேலே வண்ண உறை ஒட்டிக்கொள்ளட்டும் என்று சொல்லும்போது அந்த இரண்டு செலவும் ஒருசேர மறைகின்றன. இண்டியானா மாநிலம் வார்சாவில் முன்பு அச்சாலையாக இருந்த கட்டடத்தை எடுத்துத் தொழிற்சாலையாக்க முடிந்ததற்கும் இதுவே காரணம். மலிவு விலை என்பது இங்கே விளம்பர வாசகமாக இல்லாமல் வண்டியின் உருவாக்கத்திலேயே இருக்கிறது என்பதால்தான் நான் இதைப் பொருட்படுத்திப் பேசுகிறேன்.

இனி விலை. அறிமுகத்தின்போது சொன்ன '20,000 டாலருக்குள்' என்பது, மின்சார வண்டிகளுக்கான மத்திய அரசின் 7,500 டாலர் வரிச் சலுகையைக் கழித்த பிறகு வரும் தொகை. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் அந்தச் சலுகையைச் செப்டம்பர் 30ஆம் தேதியோடு முடித்துவைத்தது. அதன் பிறகு நிறுவனம் 20,000 என்ற பேச்சை விட்டுவிட்டு, 25,000 டாலரை ஒட்டிய விலை என்று சொல்லத் தொடங்கியது. வண்டியின் உற்பத்திச் செலவு ஒரே நாளில் கூடிவிடவில்லை. அரசு கொடுத்து வந்த பங்கு நின்றுபோனது. வாங்குபவருக்கோ இரண்டும் ஒன்றுதான்.

20,000 டாலரில் இந்த வண்டிக்குப் போட்டியே இல்லை. 25,000 டாலரில் போட்டி நாலா பக்கமும் நிற்கிறது. ஃபோர்டின் சிறிய பிக்கப்பான மாவெரிக் 2021இல் 19,995 டாலருக்கு அறிமுகமாகி, இன்று 28,000 டாலரைச் சுற்றி நிற்கிறது என்றாலும், நான்கு கதவும் ஐந்து இருக்கையும் ஹைப்ரிட் என்ஜினும் அதில் உண்டு. செவர்லே போல்ட் 29,000 டாலரை ஒட்டிய விலையில், ஒரு முறை சார்ஜ் செய்தால் 250 மைலுக்கு மேல் ஓடும் காராகத் திரும்பி வருகிறது. ஃபோர்டு நிறுவனமே 30,000 டாலர் அளவில் நான்கு கதவு மின்சாரப் பிக்கப் ஒன்றை 2027இல் லூயிவில் ஆலையிலிருந்து கொண்டுவரப் போவதாக அறிவித்திருக்கிறது. மூவாயிரம் நாலாயிரம் டாலர் கூடுதலாகக் கொடுத்தால் குடும்பத்தோடு போகும் வண்டி கிடைக்கிறது என்னும்போது, மாதத் தவணையில் வாங்கும் மனிதர் எந்தப் பக்கம் சாய்வார் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்லேட்டுக்கும் நான்கு கதவு வண்டிகளுக்கும் இடையே குறைந்தது ஐந்தாயிரம் டாலர் இடைவெளி இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. அந்த இடைவெளி சுருங்கினால் வண்டி தடுமாறும்.

அறிமுகமான சில வாரங்களிலேயே ஒரு லட்சம் பேர் முன்பதிவு செய்தார்கள் என்பதைப் பலர் வெற்றிக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். திரும்பக் கிடைக்கும் 50 டாலர் ஆர்வத்தை மட்டுமே காட்டும். டெஸ்லா சைபர்டிரக் 2019இல் 39,900 டாலர் என்று அறிவிக்கப்பட்டபோது, 100 டாலர் கட்டி லட்சக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். 2023 நவம்பரில் வண்டி கைக்கு வந்தபோது ஆரம்ப விலையே 60,990 டாலராக இருந்தது. வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் விலகிவிட்டார்கள். 40,000 டாலருக்குக் கீழ் என்று 2021இல் தொடங்கிய ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் மின்சாரப் பிக்கப்பும் படிப்படியாக விலை ஏறி, 2025 டிசம்பரில் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. இரண்டிலும் சொன்ன விலை நிலைக்காததே பெரிய அடியாக விழுந்தது.

மற்றொரு பக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் சிறு சரக்கு வண்டிகளுக்கு 1964 முதல் 25 சதவீத வரி விதித்து வரும் நாடு இது. அதனால் ஆசியாவில் தெருவுக்குத் தெரு ஓடும் சிறிய பிக்கப்கள் இங்கே நுழையவே முடியவில்லை; உள்ளூர் நிறுவனங்களோ ஆண்டுக்கு ஆண்டு பிக்கப்பைப் பெரிதாக்கிக்கொண்டே போயின. டொயோட்டா டகோமாவின் சிறு கேபின் வண்டி 2014 மாடலோடு போயிற்று. மாவெரிக் 2024இல் 1,30,000க்கு மேல் விற்றதைப் பார்த்தால், சிறிய, எளிய பிக்கப்புக்கு ஏங்கும் மக்கள் இங்கே இருக்கிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. புல் வெட்டுபவர், குழாய் பழுது பார்ப்பவர், நீச்சல் குளம் சுத்தம் செய்பவர், பல்கலைக்கழக வளாகத்துக்குள் சுற்றும் பராமரிப்புப் பிரிவு, நகராட்சிப் பூங்காத் துறை ஆகியோருக்கு இரண்டு இருக்கை போதும், 150 மைல் தாராளம், கீறல் விழுந்தால் கவலையில்லை. இவர்களை நம்பினால் ஆண்டுக்குச் சில பத்தாயிரம் வண்டிகள் விற்கலாம். ஆனால் 2027இன் இறுதிக்குள் ஆண்டுக்கு 1,50,000 வண்டி தயாரிக்கும் திறனை எட்டுவது நிறுவனத்தின் இலக்கு. அது மாவெரிக் 2024இல் விற்றதைவிட அதிகம், அதுவும் பாதி இருக்கைகூட இல்லாத வண்டியில். அந்த எண்ணிக்கையை எட்டும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இரண்டு கதவு என்றால் அன்றாடத்தில் என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். வீடு மாறும் சமயத்தில் நண்பரிடம் பழைய இரண்டு கதவுப் பிக்கப் ஒன்றை இரவல் வாங்கி ஒரு மாதம் ஓட்டினேன். சாமான் ஏற்ற அதைப் போல வண்டி இல்லை. ஆனால் ஒரு நாள் மாலை மழையில், வாங்கிய காய்கறிப் பையைப் பின்னால் போட முடியாமல், மனைவியின் மடியில் ஒரு பையும் காலடியில் இரண்டு பையுமாக வீடு வந்து சேர்ந்தோம். முட்டை அட்டையை அவர் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். பின்னிருக்கையை நாம் ஆள் உட்கார்வதற்கு மட்டும் பயன்படுத்துவதில்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

இப்போது உங்கள் தொழிலுக்கு வருகிறேன். எடை ஒரு பிரச்சினையே இல்லை. வண்டி சுமார் 1,400 பவுண்டு தாங்கும். அதில் உட்காரும் ஆட்களின் எடையும் சேர்த்தி என்பதால் இருவருக்கு 350 பவுண்டு கழித்தாலும் ஆயிரத்துக்கு மேல் மிஞ்சும். 60 லிட்டர் சாம்பார் அண்டா, பாத்திரத்தோடு 150 பவுண்டை ஒட்டித்தான் இருக்கும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பரிமாற இரண்டு உதவியாளர்கள் வந்தால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. பிப்ரவரி மாதக் குளிரில் திறந்த பெட்டியில் வைத்த சாம்பார், மண்டபம் போய்ச் சேர்வதற்குள் என்ன ஆகும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டிக்கு மூடி போடலாம், சூடு காக்கும் பெட்டிகள் வாங்கலாம், ஐந்து பேர் அமரும் மூடிய வண்டியாக மாற்றும் உபகரணத்தை நிறுவனமே தரும். அந்த உபகரணம் சுமார் 5,000 டாலர் என்று அறிமுகத்தின்போது சொல்லப்பட்டது. அதைச் சேர்த்தால் நீங்கள் மாவெரிக் விலையைத் தாண்டிவிடுவீர்கள்.

ஓடும் தூரத்தைப் பார்ப்போம். சிறிய பேட்டரி 52.7 யூனிட் கொள்ளும். 150 மைல் அதன் இலக்கு. பேட்டரி ஆயுளுக்காகத் தினமும் 80 சதவீதத்தோடு நிறுத்தினால் 120 மைல். கடுங்குளிரில் ஹீட்டரோடு ஓட்டும்போது கால் பங்குக்கு மேல் குறைவது சகஜம் என்பதால் 85, 90 மைல் மிஞ்சும். உங்கள் 70 மைலுக்கு அது போதும், ஆனால் மறந்துபோன அப்பளக் கட்டை எடுக்க மறுபடி வீட்டுக்குப் போய் வர முடியாது. முக்கியமான விசேஷ நாளுக்கு முந்தின இரவு முழுதாக ஏற்றிக்கொள்வது தவறில்லை.

எரிபொருள் மிச்சம் நீங்கள் நினைக்கும் அளவு இருக்காது. வீட்டில் யூனிட் 20 சென்ட் என்று வைத்துக்கொண்டால், சார்ஜ் ஏறும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்து மைலுக்கு 8 சென்ட் அளவு ஆகும். கேலன் 3.20 டாலர் என்றால் கேலனுக்கு 22 மைல் கொடுக்கும் மினிவேனுக்கு மைலுக்குப் பதினான்கரை சென்ட். ஆண்டுக்கு 10,000 மைலுக்கு 650 டாலர் மிச்சம். ஆனால் உங்கள் மாநிலம் மின்சார வண்டிகளுக்கு 2024 ஜூலை முதல் ஆண்டுக்கு 250 டாலர் தனிக் கட்டணம் வசூலிக்கிறது. அது ஆண்டுதோறும் 10 டாலர் கூடி 290 வரை போகும், புதிய வண்டி வாங்குபவர் நான்கு ஆண்டுக்கும் சேர்த்து ஆயிரம் டாலருக்கு மேல் முதலிலேயே கட்ட வேண்டும். விற்பனை வரி விலக்கும் 2025 ஜூலையோடு முற்றிலும் போய்விட்டது. கேலனுக்கு 38 மைல் போகும் மாவெரிக் ஹைப்ரிட்டோடு ஒப்பிட்டால் எரிபொருளில் மிச்சமே கிட்டத்தட்ட இல்லை. என்ஜின் ஆயில் மாற்றும் செலவு மட்டும் குறையும். வீட்டில் சார்ஜ் செய்ய வசதியில்லாமல் வெளியே யூனிட் 50 சென்ட் கொடுத்து ஏற்றினால் மினிவேனைவிடச் செலவு கூடும்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது, நல்ல நிலையிலுள்ள பழைய மினிவேன் அல்லது சிறிய சரக்கு வேன். உங்கள் இடத்தில் ஒரு தோட்டக்காரர் இருந்து, வீட்டில் இன்னொரு கார் இருந்து, தினமும் 60 மைல் சுற்றுபவராக இருந்தால், காத்திருங்கள் என்று தயங்காமல் சொல்லியிருப்பேன்.

கேள்வி: பிளாஸ்டிக் உடம்பு விபத்தில் தாங்குமா? புது நிறுவனம் மூடப்பட்டால் வண்டியை யார் பழுது பார்ப்பார்கள்? (மிச்சிகனிலிருந்து ஒரு வாசகி)

பதில்: விபத்தின் விசையைத் தாங்குவது உள்ளே இருக்கும் இரும்புச் சட்டகம், வெளிப் பலகை போர்வை மட்டுமே. ஜெனரல் மோட்டார்ஸின் சாட்டர்ன் கார்கள் 1990இலேயே பிளாஸ்டிக் கதவுப் பலகைகளோடு வந்து பல ஆண்டுகள் ஓடின. கடை வாசலில் தள்ளுவண்டி இடித்தாலும் நெளியாது என்பதே அவற்றின் பெருமை. வெயிலில் பிளாஸ்டிக் விரிவதால் பலகைகளுக்கு நடுவே இடைவெளி அகலமாக விட வேண்டியிருந்தது.

உங்கள் இரண்டாவது கவலைதான் உண்மையான கவலை. ஃபிஸ்கர் 2024 ஜூனில் திவாலானபோது அதன் மின்சாரக் காரை வாங்கியவர்கள், உதிரிப் பாகத்துக்கும் மென்பொருள் திருத்தத்துக்கும் தங்களுக்குள் சங்கம் அமைத்து அலைய வேண்டியதாயிற்று. கானூ என்ற மின்சார வண்டி நிறுவனமும் 2025 ஜனவரியில் மூடியது. ஸ்லேட்டில் திரையும் சிக்கலான மென்பொருளும் குறைவு என்பதால் அந்த ஆபத்து சற்றுக் குறையும், ஆனால் பேட்டரியும் மோட்டாரும் நிறுவனத்தைச் சார்ந்தே இருக்கும். எனவே ஆர்டரை உறுதி செய்யும் கடிதம் வரும்போது நான்கு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: வண்டியைக் கொண்டுவந்து சேர்க்கும் கட்டணம் உட்பட மொத்த விலை, பேட்டரி வாரண்டியின் ஆண்டுகள், உங்கள் வீட்டிலிருந்து 30 மைலுக்குள் வாரண்டி வேலை செய்யும் பட்டறையின் முகவரி, அடுத்துக் கட்டும் தொகை திரும்பக் கிடைக்குமா என்பது. அந்தப் பட்டறைக்கு நீங்களே தொலைபேசியில் பேசி, உயர் மின்னழுத்த பேட்டரியைத் தொடப் பயிற்சி பெற்றவர் அங்கே இருக்கிறாரா என்றும் கேட்டுவிடுங்கள். இருக்கிறார் என்ற பதில் வரும் வரை 50 டாலருக்கு மேல் கட்டாதீர்கள்.