டவுட்டா, சஸ்பெக்ட்டா?

வணக்கம் நண்பரே. ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் போயிருக்கிறது என்று எச்சரிக்க, லண்டன் மேலாளருக்கு 'ஐ டவுட் வி பெய்ட் இட் ட்வைஸ்' என்று எழுதினீர்கள். அவரோ 'நல்லது' என்று விட்டுவிட்டார் என்கிறீர்கள். அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார். 'இரண்டு தடவை கொடுத்திருக்க மாட்டோம்' என்பதுதான் நீங்கள் எழுதியதன் பொருள்.

நம்முடைய சந்தேகம் இரண்டு பக்கமும் போகும். 'அவன் வருவானா என்பது சந்தேகம்' என்றால் வரமாட்டான் என்று நினைக்கிறோம். 'அவன்தான் எடுத்திருப்பான் என்று சந்தேகம்' என்றால் எடுத்தான் என்றே நினைக்கிறோம். ஆங்கிலத்தில் முதலாவது டவுட், இரண்டாவது சஸ்பெக்ட். 1600களில் டவுட்டுக்கும் 'அப்படி இருக்குமோ என்ற பயம்' என்ற பொருள் இருந்தது; இன்றைய அலுவலக ஆங்கிலத்தில் அது இல்லை.

ஆக, 'ஐ சஸ்பெக்ட் வி பெய்ட் இட் ட்வைஸ்' என்பதே சரி. ஆனால் சஸ்பெக்ட்டுக்குப் பின்னால் ஆள் பெயர் மட்டும் வந்தால் அது குற்றச்சாட்டாகிவிடும், கவனம். பண விஷயத்தில் நான் 'ஐ திங்க் வி மே ஹேவ் பெய்ட் இட் ட்வைஸ்' என்றே எழுதுவேன். யாருக்கும் உறுத்தாது.

அப்புறம், 'ஐ ஹேவ் எ டவுட்' என்று கேள்வி கேட்பது நம்மூரில் எல்லோருக்கும் புரியும். லண்டன்காரருக்கு நீங்கள் அவரை நம்பவில்லை என்று படலாம். அங்கே 'கொஸ்டின்' என்றே போடுங்கள்.

திருத்திய மெயிலை இன்றைக்கே, பில் எண்ணோடு அனுப்பிவிடுங்கள்.