கலியாணமாகி 5 கிழமை, கர்ப்பம் மட்டும் 6 கிழமையா?

உப்புவெளித் தங்கை ஒருவர் கேட்கிறார்: கலியாணமாகி 5 கிழமைதான், கிளினிக் அட்டையில் 6 கிழமைக் கர்ப்பம் என்று இருக்கிறது, மாமி ஒரு மாதிரிப் பார்க்கிறார்.

அட்டையில் பிழையில்லை. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். கரு தரித்த நாள் யாருக்குச் சரியாகத் தெரியும்? 28 நாள் சுற்றென்றால் முட்டை வெளிவருவதே 14ஆம் நாளளவில். ஆக, முதல் 2 கிழமை வயிற்றில் கருவே கிடையாது! அட்டையின் 6 கிழமையில் அதைக் கழித்தால் கருவுக்கு வயது 4 கிழமையளவுதான், கலியாணத்துக்குப் பிறகுதான்.

வெளிவந்த முட்டை ஒரு நாள்தான் தாங்கும். விந்தணு 5 நாள் வரை காத்துக் கிடக்கும். இரண்டும் சேர்வது கருப்பையில் அல்ல, முட்டை கருப்பைக்கு வரும் வழியான பலோப்பியன் குழாயில். அங்கிருந்து கரு, கலங்களாகப் பிரிந்து பெருகியபடி நகர்ந்து கருப்பைச் சுவரில் ஒட்ட ஒரு கிழமையளவு பிடிக்கும். அதற்குப் பிறகுதான் சோதனைப் பட்டையில் இரண்டாம் கோடு.

மாமிக்குக் கலண்டரைக் காட்டுங்கள். மற்றது, போலிக் அசிட் குளிசையை மறக்க வேண்டாம்.