விளையாட்டில் வாங்கிய கார் யாருடையது? – கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பிளாக்செயின் விளையாட்டில் வாங்குகிற வாளும் காரும் நிஜமாகவே நமக்குச் சொந்தம் என்கிறார்களே?

பதில்: பாதி உண்மை. பிளாக்செயின் என்பது பல கணினிகளில் பகிர்ந்து வைத்திருக்கும் பொதுப் பதிவேடு. அதில் அந்தப் பொருளுக்கான டோக்கன், அதாவது டிஜிட்டல் உரிமைச் சீட்டு, உங்கள் வாலட் (டிஜிட்டல் பணப்பை) பெயரில் பதிவாகியிருக்கும். அதை விற்கலாம், தங்கைக்கும் கொடுக்கலாம். ஆனால் கார் ஓடுகிற பாதையும் பந்தயமும் கம்பெனி சர்வரில்தானே இருக்கின்றன? எஃப்1 டெல்டா டைம் என்றொரு விளையாட்டு. 2019 மே மாதம் அதில் ‘1-1-1’ என்ற கார் ஏலத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் போனது. 2022 மார்ச்சில் ஃபார்முலா 1 உரிமம் புதுப்பிக்கப்படாமல் போக, கடையைச் சாத்திவிட்டார்கள். டோக்கன் அழியவில்லை, ஓட்டத்தான் இடமில்லை. வேறொரு விளையாட்டில் மாற்றுக் கார் கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் பெருந்தன்மையை நம்பித்தான் இருந்தோம் என்றால், அதற்குப் பெயர் சொந்தமா?

கேள்வி: ஒரு விளையாட்டின் வாளை இன்னொன்றுக்கு எடுத்துப் போகலாமாமே?

பதில்: அடுத்த விளையாட்டைச் செய்பவர் அந்த வாளுக்குப் படம் வரைந்து, பலம் நிர்ணயித்து, கணினி நிரல் எழுதினால் போகலாம். காசு வாங்கியது வேறொருவர். இவர் ஏன் மெனக்கெடப் போகிறார்?

கேள்வி: ஆக்ஸி இன்ஃபினிட்டி விளையாட்டின் ரோனின் பிளாக்செயினில் நடந்த திருட்டில் என் ஆக்ஸிகள் (அதில் வரும் டோக்கன் பிராணிகள்) அப்படியே இருந்தன. பிறகு போனது என்ன?

பதில்: பாலத்தில், அதாவது ஒரு பிளாக்செயினிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் மாற்றும் ஏற்பாட்டில், கிடந்த பணம். ஈதர் என்ற கிரிப்டோ நாணயத்தை எத்திரியம் என்ற பிளாக்செயினில் பூட்டிவிட்டு ரோனினில் அதற்கு ஈடாகப் பயன்படுத்தினீர்கள் அல்லவா, அந்தப் பூட்டைத்தான் திறந்தார்கள். பணம் எடுக்க 9 சரிபார்ப்பாளர்களில் 5 பேர் கையெழுத்து போதும். அந்த ஐந்தில் நான்கு, விளையாட்டை நடத்திய ஸ்கை மேவிஸ் கம்பெனியின் கையெழுத்துச் சாவிகள்! பரவலாக்கம், அதிகாரம் ஒரே கையில் இல்லை என்று பேசியதெல்லாம் இந்த லட்சணத்தில்தான் இருந்தது. 2022 மார்ச் 23 அன்று 1,73,600 ஈதரும் 2.55 கோடி யுஎஸ்டிசியும் (டாலர் மதிப்பையொட்டிய கிரிப்டோ நாணயம்) போயின. ஆறு நாள் யாருக்கும் தெரியாது. ஒருவர் 5,000 ஈதர் எடுக்கப் போய், முடியவில்லை என்று புகார் சொன்ன பிறகுதான் விழித்தார்கள். வட கொரியாவின் லசாரஸ் ஹேக்கர் கும்பல் வேலை என்றது அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ.

கேள்வி: டோக்கனை வாங்கினால் அந்தப் படத்தை டீ-ஷர்ட்டில் அச்சடித்து விற்கலாமா சார்?

பதில்: பதிப்புரிமை தானாக வந்துவிடாது. விதிமுறையில் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் செய்யுங்கள்.

கேள்வி: இந்தியாவில் வரி?

பதில்: லாபத்தில் 30%, அதன்மேல் செஸ். ஒன்றில் நட்டம் வந்தால் இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. இதுதான் பலரைக் கவிழ்க்கிறது. 2022 ஜூலையிலிருந்து விற்பனையில் 1% டிடிஎஸ்ஸும் உண்டு. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோ நாணயத்தைச் சொத்து என்றது. அது நாணயம் பற்றிய வழக்கு. உங்கள் வாளைப் பற்றியது அல்ல.

கேள்வி: வாலட்டை மீட்க உதவும் 12 ரகசியச் சொற்களைத் தொலைத்துவிட்டேன். கம்பெனியைக் கேட்டால் மீட்டுத் தருவார்களா?

பதில்: அந்தச் சொற்கள் அவர்களிடமே இல்லை, தம்பி. 2018-ல் ஆசையாக வாங்கிய என் கிரிப்டோகிட்டி என்ற டோக்கன் பூனையும் இப்படித்தான் ஆனது. இன்றும் தளத்தில் போய்ப் பார்ப்பேன், அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.