மதுரையில் பி.ஏ. கடைசி வருஷம். இன்னும் ஒரு மாதம்தான் இருக்கு. என்ன செய்தால் பின்னால் வருத்தப்பட மாட்டேன்?

நானும் இந்த ஏப்ரலோடு வெளியே போகிற கூட்டம்தான். இந்தக் கேள்விக்கு எங்கே பார்த்தாலும் ஒரே பதில்: நண்பர்களோடு மரத்தடியில் உட்காருங்கள், சேர்ந்து ஜிகர்தண்டா குடியுங்கள், நினைவுகளைச் சேருங்கள். அதெல்லாம் யாரும் சொல்லாமலே நடக்கும். அடுத்த வருஷம் அலைய வைப்பது காகிதம். நீங்கள் தமிழ் வழியில் படிப்பவர், விடுதியிலோ மேலூர், உசிலம்பட்டி பக்கமிருந்து பஸ்ஸிலோ வருபவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பொறியியல்காரர்களுக்குப் பாதிதான் பொருந்தும், சண்டைக்கு வராதீர்கள்.

முதலில் நோ டியூ படிவம், அதாவது பாக்கி எதுவும் இல்லை என்று ஒவ்வொரு பிரிவிலும் கையெழுத்து வாங்குவது. இதை டிசி வாங்கும் நாளில் ஆரம்பிக்கிறவர்கள்தான் மே மாத வெயிலில் நாலு தடவை வருகிறார்கள். கடைசி பிராக்டிகல் முடிவதற்குள் ஆரம்பித்துவிடுங்கள். விடுதி, நூலகம், துறை நூலகம், ஆய்வகம், என்.சி.சி. அல்லது விளையாட்டு, அதன் பிறகு துறைத் தலைவர், எல்லாவற்றுக்கும் கடைசியில் கணக்குப் பிரிவு. வரிசையை மாற்றினால் கணக்குப் பிரிவில் திருப்பி அனுப்புவார்கள். அதிகம் மாட்டுவது நூலகத்தில்தான், இரண்டாம் ஆண்டில் நண்பனுக்காக உங்கள் கார்டில் எடுத்த புத்தகத்தால். தொலைந்திருந்தால் அபராதம் கட்டும் முன் அதே புத்தகத்தை வாங்கிக் கொடுத்தால் போதுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் அதுதான் மலிவு. சேரும்போது கட்டிய முன்வைப்புத் தொகையைத் (காஷன் டெபாசிட்) திரும்ப வாங்க ரசீது இல்லாவிட்டால் மனு எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும், இப்போதே தேடி வையுங்கள்.

வெளியூர்க்காரர்கள் மறக்கிற ஒன்று, சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்கும் நாள் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அழகரை மதுரைக்குள் வரவேற்கிற முந்தின நாளான எதிர்சேவை அன்றே தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் பஸ் ஒழுங்காகப் போகாது. அந்த வாரம் கையெழுத்துப் போடுகிற ஆள் இருக்கையில் இருப்பார் என்று நம்பி ஊரிலிருந்து கிளம்பாதீர்கள். காலண்டரில் சித்ரா பௌர்ணமியைப் பார்த்துவிட்டு முன்னாலோ பின்னாலோ மூன்று நாள் தள்ளி வையுங்கள்.

டிசி கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகராமல் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த நாள், விலகிய நாள், ‘படிப்பை முடித்தார்’ என்ற வரி எல்லாவற்றையும் படியுங்கள். அங்கேயே சொன்னால் பத்து நிமிஷத்தில் திருத்துவார்கள். முதுகலை சேரும்போது அசல் டிசி நடைமுறையில் அங்கேயே தங்கிவிடும், அதனால் கொடுக்கும் முன் வண்ண ஸ்கேன் ஒன்றும் நகல் ஐந்தும் எடுங்கள். மதிப்பெண் பட்டியல் அப்படியல்ல. சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே சொல்லிவிட்டது. வெளி மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் பல்கலைக்கழகம் மாறுவதற்கான மைக்ரேஷன் சான்றிதழும் கேட்பார்கள். தன்னாட்சிக் கல்லூரியில் தேர்வு நடத்துவது கல்லூரிதான் என்றாலும் பட்டம் தருவது பல்கலைக்கழகம். காமராசர் பல்கலைக்கழகம் என்றால் நாகமலை புதுக்கோட்டை தாண்டிப் போய்வர அரை நாள் போய்விடும், எனவே எதைக் கல்லூரி வழியாகவே அனுப்பலாம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெயர். நம் ஊரில் இன்ஷியலால் வருகிற தொல்லை கொஞ்சமல்ல. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இன்ஷியல் முன்னால், செமஸ்டர் பட்டியலில் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. கார்த்திகாவை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒன்றில் ‘கே’, இன்னொன்றில் ‘ஜி’. பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றவற்றை அதோடு பொருத்துங்கள். ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல் அச்சாகும் முன் என்றால் ஒரு மனு, பத்தாம் வகுப்பு நகல், துறைத் தலைவர் கையெழுத்து, அவ்வளவுதான். பட்டம் அச்சான பிறகு அதே திருத்தத்துக்குக் கட்டணமும் மாதக்கணக்கில் காத்திருப்பும்.

இப்போது முக்கியமான விஷயம்: தமிழ் வழியில் படித்ததற்கான சான்று, அதாவது பி.எஸ்.டி.எம். 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுப் பணி நேரடி நியமனத்தில் 20 சதவீதம் தமிழ் வழிக்காரர்களுக்கு. 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பட்டம் மட்டும் தமிழ் வழி என்றால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். கல்லூரிச் சான்று ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும், எந்த வகுப்பு முதல் எந்த வகுப்பு வரை என்று தெளிவாக எழுதி வாங்க வேண்டும். அரசுப் பணியாளர் தேர்வாணையத் (டி.என்.பி.எஸ்.சி.) தளத்தில் உள்ள படிவத்தையே அச்சடித்துக் கொண்டுபோங்கள். பள்ளி தன் இஷ்டத்துக்கு லெட்டர்பேடில் எழுதித் தந்தால் சான்றிதழ் சரிபார்ப்பில் சிக்கல். கையெழுத்து, முத்திரை, தேதி மூன்றும் இருக்கிறதா பாருங்கள். ஆங்கில வழியில் சேர்ந்து தேர்வை மட்டும் தமிழில் எழுதியவர்களுக்கு இது கிடையாது. கோடை விடுமுறையில் தலைமையாசிரியரைப் பிடிப்பது கஷ்டம், பள்ளி மூடுவதற்குள் போய்விடுங்கள்.

“உங்களுக்கென்ன, 20 சதவீதம் சும்மா கிடைக்குது” என்று பின்னூட்டம் போட வருபவர்களுக்கு: சும்மா எதுவும் கிடைக்கவில்லை. அதே வினாத்தாள், அதே தேர்வு அறை, அந்த 20 சதவீதத்துக்குள்ளும் போட்டிதான். “பி.ஏ.வா, அப்புறம்?” என்று கல்யாண வீட்டில் கேட்பவர்களும் நீங்கள்தானே.

அரியர் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தேர்வாணையம் பார்ப்பது அறிவிப்பு வெளியான தேதியில் உங்களிடம் தகுதி இருந்ததா என்பதை. ஒரு தாளின் முடிவு மறுநாள் வந்திருந்தாலும் அந்த அறிவிப்பு கைவிட்டுப் போனதுதான். மறுமதிப்பீட்டுக்கான கடைசித் தேதி முடிவு வந்த சில நாட்களிலேயே முடிந்துவிடும், விடைத்தாள் நகலை முதலில் கேட்டு வாங்குங்கள். தேர்வுக்கு விண்ணப்பிக்கும் முன் தேர்வாணையத் தளத்தில் செய்ய வேண்டிய ஒருமுறைப் பதிவை, அரியர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இப்போதே செய்துவிடலாம். கட்டணம் 150 ரூபாய், ஐந்து ஆண்டு செல்லும். வேலைவாய்ப்புப் பதிவைப் பள்ளியிலேயே செய்திருப்பீர்கள். அந்த எண்ணிலேயே பட்டத்தைச் சேருங்கள், புதிதாகப் பதிந்து பழைய மூப்பை இழக்காதீர்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

எந்தச் சான்றிதழையும் லேமினேஷன் செய்யாதீர்கள். வெளிநாட்டு வேலைக்குச் சான்றொப்பம் வாங்கும்போது பின்பக்கம் முத்திரை குத்த முடியாது, உரிக்கப் போனால் எழுத்தும் சேர்ந்து வரும். ஸ்டேப்ளர் பின்னும் வேண்டாம், துருப்பிடித்துக் காகிதத்தை அரிக்கும். பிளாஸ்டிக் உறை போட்ட ஃபைல் போதும். மண் சுவர் வீடு என்றால் பரணில் வைக்காமல் இரும்புப் பெட்டியில் வையுங்கள், கரையானுக்கு மார்க் ஷீட் தெரியாது.

சம்பந்தமில்லாமல் ஒன்று, ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. ஜெராக்ஸ் கடைகளில் “வாட்ஸ்அப்ல அனுப்புங்க” என்கிறார்கள், நாமும் ஆதார், வங்கிப் புத்தகம், சாதிச் சான்றிதழ் எல்லாம் அனுப்பிவிட்டு வருகிறோம். அந்தக் கணினியில் ஆயிரம் பேர் ஆதார் டவுன்லோடு ஃபோல்டரில் கிடக்கிறது. அழிக்கச் சொன்னால் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். மூன்று ரூபாய் பிரிண்டுக்கு இது என்ன நியாயம்? பென் டிரைவ் கொண்டுபோங்கள், அல்லது அனுப்பிய கையோடு ‘எல்லோருக்கும் நீக்கு’ அழுத்துங்கள். அதிலும் கடைக்காரர் திறந்து சேமித்த கோப்பு போகாது, கண் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள்.

கல்லூரி கொடுத்த மின்னஞ்சலில் புராஜெக்ட், படங்கள், சுற்றுலா வீடியோ என்று என்ன கிடந்தாலும் சொந்தக் கணக்குக்கு மாற்றுங்கள். வெளியேறிய பிறகு அதை எப்போது மூடுவார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். பட்டமளிப்பு விண்ணப்பத்திலும் அந்த மின்னஞ்சலைப் போடாதீர்கள். விடுதி முகவரியும் வேண்டாம். ஊர் முகவரி, பின்கோடு, அப்பாவோ அம்மாவோ வைத்திருக்கிற மாறாத போன் நம்பர், இவ்வளவும் போதும்.