கடற்கரையில் ஒரு நாயகன் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

ஆஸ்திரேலியா பற்றிய உங்கள் கட்டுரையில், சிவப்பு மஞ்சள் தொப்பி போட்ட சர்ஃப் லைஃப்சேவர்களை, அதாவது கடலில் மூழ்குபவர்களை மீட்கும் தொண்டர்களை, ‘வெள்ளை ஆண்மையின் விளம்பரப் பலகை’ என்று எழுதியிருந்தீர்கள். என் அண்ணன் குடும்பம் சிட்னியில் இருக்கிறது. அவர் மகள் ஞாயிறுதோறும் கடற்கரையில் ‘நிப்பர்ஸ்’ என்ற சிறுவர் லைஃப்சேவிங் பயிற்சிக்குப் போகிறாள். முன்பின் தெரியாதவனுக்காகக் காசு வாங்காமல் கடலில் இறங்குபவர்களிடம் போய் ஆண், பெண், நிறம் என்று பார்க்க வேண்டுமா?

– வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

கடலில் இறங்குகிறவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்களை வைத்து நாடு தனக்கு வரைந்துகொண்ட படத்தைப் பற்றித்தான் எழுதினேன்.

நிறத்தை நான் போய்த் தேடவில்லை. அலையோடு உடம்பைச் சறுக்கவிட்டுக் கரை சேரும் வித்தையை 1890களில் சிட்னியின் மேன்லி கடற்கரைக்காரர்களுக்குக் காட்டிக்கொடுத்தவர் டாமி டானா. பசிபிக் கடலில் உள்ள வனுவாட்டுவின் டானா தீவிலிருந்து வந்தவர். கைகளை மாற்றி மாற்றி வீசி நீந்தும் கிரால் நீச்சலை சிட்னியில் பரப்பியதில் சாலமன் தீவுகளின் அலிக் விக்கமுக்குப் பெரிய பங்கு உண்டு. 1901-ல் ஆஸ்திரேலியாவின் புதிய நாடாளுமன்றம் கூடியதும், கரும்புத் தோட்டங்களில் உழைத்த பசிபிக் தீவுக்காரர்களை வெளியேற்றச் சட்டம் போட்டார்கள். வித்தை வேண்டும், வித்தைக்காரன் வேண்டாம். அந்த வெளியேற்றம் நடந்துகொண்டிருந்தபோதுதான், 1907 வாக்கில், சிட்னிக் கடற்கரைகளில் லைஃப்சேவிங் கிளப்புகள் வரிசையாக முளைத்தன.

அப்புறம் கலிப்போலி, முதல் உலகப்போரில் ஆஸ்திரேலிய வீரர்கள் ஏராளமாக மடிந்த துருக்கிக் களம். போரில் செத்த இளைஞனின் புகழ் கடற்கரை இளைஞன் மேலும் படிந்தது. 1932-ல் சிட்னி ஹார்பர் பாலத் திறப்பு ஊர்வலத்தில் லைஃப்சேவர்களும் அணிவகுத்தார்கள். இன்றும் ‘மார்ச் பாஸ்ட்’ அவர்களுக்கு ஒரு போட்டி. வெறுங்காலோடு மணலில், கொடி முன்னால் போக, காலடி பிசகாமல் நடக்க வேண்டும். அலையில் தத்தளிக்கிறவனுக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்கத் தோன்றும்.

படத்தில் எப்போதும் ஒற்றை ஆள், அகன்ற மார்பு. வேலை நடந்த விதமே வேறு. பழைய முறையில் ஒருவர் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு நீந்துவார். பின்னால் நாலைந்து பேர் தண்ணீரில் வரிசையாக நின்று, கயிறு அலையில் சிக்காமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து விட்டுக்கொண்டே போவார்கள். கரையில் ஒருவர் கயிறு சுற்றிய ராட்டினத்தைப் பார்த்துக்கொள்வார். 1938 பிப்ரவரி 6 அன்று சிட்னியின் பாண்டை கடற்கரையில் அடுத்தடுத்து வந்த பெரிய அலைகள் ஒரே இழுப்பில் இருநூறு பேருக்கு மேற்பட்டவர்களை உள்ளே கொண்டுபோயின. பயத்தில் பலர் கயிற்றைப் பிடித்துத் தொங்கியதால் மீட்கப் போனவர்களே திணறினார்கள். இறந்தவர்கள் ஐந்து பேர். சாவு அத்தோடு நின்றதற்குக் காரணம், அன்று கரையில் ஏராளமான லைஃப்சேவர்கள் இருந்தது. அகன்ற மார்பு அல்ல.

கயிறு பிடிக்கப் பெண்களால் ஆகாதா? இரண்டாம் உலகப்போரில் ஆண்கள் போன பிறகு பல கடற்கரைகளில் அவர்களும் காவல் காத்தார்கள். ஆனால் ‘ப்ரான்ஸ் மெடாலியன்’ (வெண்கலப் பதக்கம்) என்ற தகுதிச் சான்று இல்லாமல் முழு லைஃப்சேவர் ஆக முடியாது. பெண்களுக்கு அதைக் கொடுக்க 1980 வரை மனசு வரவில்லை. அப்போது உங்கள் அண்ணன் மகள் அங்கே இருந்திருந்தால் கரையில் சாண்ட்விச் செய்யச் சொல்லியிருப்பார்கள்.

2005 டிசம்பரில் சிட்னியின் குரோனுல்லா கடற்கரையில் லைஃப்சேவர்கள் சிலரை அரபு வம்சாவளி இளைஞர்கள் தாக்கினார்கள். தாக்கியது தவறுதான். ஆனால் அடுத்த ஞாயிறு சுமார் ஐயாயிரம் பேர் கூடி, அரபு முகமாகத் தெரிந்தவர்களைத் துரத்தித் துரத்தி அடித்தார்களே, அது அந்த லைஃப்சேவர்களுக்காக மட்டுமா? நாட்டின் சின்னத்தின்மேல் கைவைத்துவிட்டார்கள் என்ற ஆத்திரம் அது. பிறகு லைஃப்சேவிங் அமைப்பே லெபனானிய வம்சாவளி முஸ்லிம் இளைஞர்களையும் இளம்பெண்களையும் அழைத்துப் பயிற்சி கொடுத்தது. ஆடை வடிவமைப்பாளர் அஹேதா சனெட்டி அந்தப் பெண்களுக்காகச் சிவப்பு மஞ்சளில் புர்கினி (உடலை மூடும் நீச்சல் உடை) தைத்தார். இதற்கும் முகம் சுளித்தவர்கள் உண்டு.

சரி, உங்கள் அண்ணன் மகளைத் தொடர்ந்து போகச் சொல்லுங்கள். பதினைந்து வயதில் ப்ரான்ஸ் மெடாலியன் தேர்வு எழுதலாம். 400 மீட்டரை 9 நிமிடத்துக்குள் நீந்த வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே 9 நிமிடம். இப்போதிருந்தே நீச்சல் குளத்தில் நேரம் பார்த்து நீந்திப் பழகினால் நல்லது.

அன்புடன்.