சாரல் தொடங்கிய பிறகு புறப்படுங்கள்
வாசகர் கேள்வி – பதில்: குற்றாலப் பயணம்

கேள்வி: சென்னையில் வசிக்கிறோம். பிள்ளைகள் இருவருக்கும் மே மாதத்தில்தான் நீண்ட விடுமுறை. எழுபது வயதான என் மாமியாருக்குக் குற்றாலத்தில் ஆசை தீர ஒருமுறை குளித்துவிட வேண்டும் என்பது நெடுநாள் விருப்பம். மே மூன்றாம் வாரத்தில் அழைத்துச் செல்லலாமா? முழங்கால் வலி உள்ள அவருக்கு எந்த அருவி ஏற்றது?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: மே மாதம் வேண்டாம், சகோதரி. விடுமுறையை வைத்துத் தேதி குறிப்பதுதான் குற்றாலப் பயணத்தில் பலரும் செய்யும் பிழை. அங்கே தேதியைத் தண்ணீர்தான் குறிக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் இறங்கி, அதன் ஈரக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் செங்கோட்டைப் பக்கம் நுழைந்த பிறகுதான் குற்றாலத்தில் சீசன் பிறக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குப் புறத்திலுள்ள மற்ற ஊர்கள் பலவும் அந்த மாதங்களில் வெயிலில் காய்ந்துகொண்டிருக்க, இந்தப் பகுதியில் சாரல் அடிப்பதற்கு மலைத்தொடரில் அமைந்த அந்தத் தாழ்வான வாயிலே காரணம். குற்றாலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 170 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அது கொடைக்கானலைப் போன்ற மலை ஊர் அன்று. காற்றும் சாரலும் இல்லாத மே மாதத்தில் அங்கே போனால், வெயிலையும் ஈரக்கசிவு மட்டுமே உள்ள பாறையையும் பார்த்துவிட்டுத் திரும்பும்படி ஆகலாம்.

கோடை மழையில் மே மாதத்திலும் சில நாட்கள் தண்ணீர் விழுவது உண்டுதான். ஆனால் அந்தத் தண்ணீரை நம்பக் கூடாது என்று நான் அழுத்தமாகச் சொல்வேன். 2024ஆம் ஆண்டு மே 17ஆம் தேதி, பழைய குற்றால அருவியில் மக்கள் குளித்துக்கொண்டிருந்தபோதே மலைக்கு மேலே பெய்த மழையால் காட்டாற்று வெள்ளம் திடீரெனப் பாய்ந்து, பதினேழு வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது. அவர் உயிர் பிழைக்கவில்லை. அதுவும் ஒரு விடுமுறைக் காலம்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

சீசன் பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நீடிக்கும். பிள்ளைகளுக்கு இரண்டு நாள் பள்ளி விடுப்பு எடுத்தாலும் பரவாயில்லை, ஜூலை மாதத்தில் செவ்வாய், புதன் போன்ற வார நாட்களாகப் பார்த்து இரண்டு இரவுகள் தங்கும்படி திட்டமிடுங்கள். ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களையும் சனி, ஞாயிறுகளையும் தவிர்த்துவிடுங்கள். அந்த நாட்களில் அருவிக்குக் கீழே நிற்கும் நேரத்தைவிட வரிசையில் நிற்கும் நேரமே அதிகமாக இருக்கும். சென்னையிலிருந்து செங்கோட்டை செல்லும் பொதிகை விரைவு ரயிலில் இரவு முழுவதும் பயணம் செய்து காலையில் தென்காசியில் இறங்கினால், அங்கிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர் தொலைவுதான். பேருந்துகள் அடிக்கடி உண்டு. ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடுவதால், மே மாதத்திலேயே ஜூலைக்கான இருக்கைகளைப் பிடித்துவிடலாம்.

உங்கள் மாமியாரைப் பற்றி. குற்றாலத்தின் முதன்மை அருவியான பேரருவியில் விழும் தண்ணீர் மலை உச்சியிலிருந்து நேராகத் தலையில் விழுவதில்லை. நடுவழியில் பாறையில் குடைந்ததுபோல் இருக்கும் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பள்ளத்தில் விழுந்து, அங்கே வேகம் தணிந்து, பிறகுதான் பொங்கி வழிந்து கீழே வருகிறது. அவ்வளவு உயரத்திலிருந்து கொட்டும் அருவியின் கீழே மனிதர்கள் நின்று குளிக்க முடிவது இந்தப் பள்ளத்தின் தயவால்தான். அப்படித் தணிந்து வந்த பின்னும், முதல்முறை உள்ளே நுழைபவருக்கு மூச்சு ஒரு கணம் அடைத்துக்கொள்ளும். தோளில் யாரோ இரண்டு கைகளாலும் குத்துவதுபோல் இருக்கும். கண்ணைத் திறக்க முடியாமல் கை தானாகவே இரும்புக் கம்பியைத் தேடும். எழுபது வயதில் இதை நேராகத் தாங்க வேண்டியதில்லை. பேரருவியில் பெண்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. அதன் ஓரத்தில், தண்ணீர் சிதறி விழும் இடத்தில், நீங்கள் கையைப் பிடித்துக்கொள்ள அவர் முதுகையும் தோளையும் காட்டி நின்றால் போதும். உச்சந்தலையில் தண்ணீர் நேராக விழும்படி நிற்க விடாதீர்கள். கூட்டம் மிகுந்திருந்தால், உயரம் குறைந்த சிற்றருவியோ புலியருவியோ அவருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் நல்லது. இதய நோய்க்கு மருந்து எடுத்துக்கொள்பவராக இருந்தால், புறப்படுவதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: சென்ற ஆண்டு ஒரு வேன் நிறைய உறவினர்களுடன் பத்து மணி நேரம் பயணம் செய்து போனோம். நாங்கள் போய் இறங்கிய நேரத்தில் குளிக்கத் தடை என்று காவலர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் ஏமாற்றம் புரிகிறது. ஆனால் அந்தக் காவலர் உங்கள் குடும்பத்தைக் காப்பாற்றினார் என்றே நான் நினைக்கிறேன். அருவியில் வரும் தண்ணீர் நாம் நிற்கும் இடத்தில் பெய்த மழை அன்று. மேலே அடர்ந்த காட்டில், நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் பெய்து சிற்றாறாகத் திரண்டு வருவது. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே வெள்ளம் புறப்பட்டிருக்கலாம். பேரருவியில் உள்ள பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழத் தொடங்கினால் குளிப்பதை நிறுத்திவிடுவது வழக்கம். உள்ளூரில் ‘ஆர்ச்சைத் தாண்டி விழுகிறது’ என்று சொன்னால், அன்று துண்டை மடித்து வைத்துவிட வேண்டியதுதான்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலையும் அன்று காலையும் தென்காசி மாவட்டச் செய்திகளைப் பாருங்கள்; எந்த அருவியில் தடை, எதில் அனுமதி என்பது சீசன் நாட்களில் தவறாமல் செய்தியாக வரும். தங்கவிருக்கும் விடுதிக்குத் தொலைபேசியில் பேசிக் கேட்பது இன்னும் எளிது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் தடை இருக்கும் நாளில் சிற்றருவியிலோ புலியருவியிலோ அனுமதி இருப்பதும் உண்டு. தடை பெரும்பாலும் தண்ணீர் வடிந்ததும் நீங்கிவிடும். ஒரே நாளில் போய்த் திரும்பும் திட்டம்தான் உங்களை ஏமாற்றியது. ஓர் இரவு தங்கியிருந்தால் மறுநாள் காலையில் குளித்திருக்கக் கூடும்.

இன்னொன்றையும் வேனில் வரும் அனைவருக்கும் சொல்லி வையுங்கள். குளித்துக்கொண்டிருக்கும்போது தெளிந்த தண்ணீர் செம்மண் நிறமாகக் கலங்கினாலோ, சருகும் குச்சியும் சேர்ந்து விழத் தொடங்கினாலோ, அருவியின் இரைச்சல் திடீரெனக் கனத்தாலோ, விசில் ஒலிக்கும்வரை காத்திராமல் அந்த நொடியே வெளியேறிவிட வேண்டும். செருப்பும் பையும் போனால் போகட்டும்.

கேள்வி: அந்தக் காலத்தில் என் தாத்தா உடம்பு முழுவதும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குற்றால அருவியில் குளித்ததாகச் சொல்வார். இப்போதும் அப்படிக் குளிக்கலாமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: இப்போது எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதற்கும் அனுமதி இல்லை. நியாயமான தடை. அந்தத் தண்ணீர் சிற்றாறாக ஓடிக் கீழே பல ஊர்களின் வயலுக்குப் போகிறது. தரையில் சிந்திய எண்ணெய் அடுத்து வருபவரை வழுக்கி விழச் செய்கிறது.

கேள்வி: நண்பர்கள் ஆறு பேர் செண்பகாதேவி அருவிக்கும் தேனருவிக்கும் மலையேறிச் செல்ல விரும்புகிறோம். வழி சொல்ல முடியுமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: வழி சொல்ல மாட்டேன், தம்பி. அவை பேரருவிக்கு மேலே வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள காட்டுப் பகுதியில் இருக்கின்றன. நினைத்தபோது ஏறிக் குளிக்கப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. ‘எனக்குப் பாதை தெரியும்’ என்று யாராவது பணம் கேட்டு அழைத்தாலும் போகாதீர்கள். மேலே இருப்பவர்களை எச்சரிக்கக் காவலர் இல்லை. வெள்ளம் முதலில் வருவதும் அங்கேதான்.

கேள்வி: தடை நீங்கும்வரை விடுதி அறையிலேயே அடைந்து கிடக்க மனமில்லை. அருவியைத் தவிரப் பார்க்க என்ன இருக்கிறது?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: நிறைய இருக்கிறது. பேரருவிக்கு அருகிலேயே சங்கு வடிவில் அமைந்த குற்றாலநாதர் கோயில் உள்ளது; திருஞானசம்பந்தர் பாடிய தலம். அதிலிருந்து சற்றுத் தள்ளித் தனியாக இருக்கும் சித்திர சபையை மட்டும் தவறவிடாதீர்கள். நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான இங்கே இறைவன் சிலையாக அன்றி ஓவியமாக ஆடுகிறார். அருவிக்கு வரும் கூட்டத்தில் மிகச் சிலரே இங்கு எட்டிப் பார்ப்பதால், வெளியே அருவி இரைந்துகொண்டிருக்கும் நாளிலும் உள்ளே நிதானமாக நின்று சுவரோவியங்களைப் பார்க்கலாம்.

பிறகு தென்காசிக்குப் போய், பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசி விசுவநாதர் கோயிலைப் பாருங்கள். ராஜகோபுர வாசலில் நின்றால், பொதிகைக் காற்று உடுத்திய சேலையை இழுத்துக்கொண்டு போகும் அளவுக்கு வீசும். திரும்பி வரும் வழியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் சாலையோரக் கடைகளில் குவிந்திருக்கும். மங்குஸ்தானை அழுத்திப் பார்த்து வாங்குங்கள். மேல்தோல் கல்லைப் போல் இறுகியிருந்தால் உள்ளே பழம் கெட்டிருக்கும், விரலுக்குச் சற்று நெகிழ்ந்து கொடுத்தால் வெள்ளைச் சுளை நன்றாக இருக்கும்.