நூடுல்ஸ் சூப்புக்கு எதில் காசு போடலாம், எதில் வேண்டாம்?

இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் சேர்க்காமல் வீட்டிலேயே நூடுல்ஸ் சூப் வைக்க நினைப்பவர்களிடமிருந்து சேர்ந்தாற்போல் பல கேள்விகள் வந்திருக்கின்றன. பாதி சமையல் சந்தேகம், பாதி கடைச் சந்தேகம். இந்த விஷயத்தில் இரண்டையும் பிரிக்க முடியாது. சேர்த்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: எவ்வளவு காய்கறி போட்டாலும் என் நூடுல்ஸ் சூப் வெந்நீரில் காய் மிதப்பது போலத்தான் இருக்கிறது. ஸ்டாக் க்யூப் (சூப்பில் கரைக்கும் சுவைக் கட்டி) வாங்கிப் போட்டால் உப்பு மட்டும் தெரிகிறது. என்ன வாங்கினால் சுவை வரும்?

பதில்: சுவை போதவில்லை என்றதும் கேரட்டையும் முட்டைக்கோஸையும் இன்னும் கொஞ்சம் போடத் தோன்றும். அவை தருவது பெரும்பாலும் இனிப்புதான். நாக்கில் தங்கி நிற்கும் அந்தக் கனமான சுவைக்குக் காரணம் குளூட்டமேட். 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயே இகேதா, கோம்பு என்ற கடற்பாசியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தவரும் அவரே. உலர்ந்த ஷிட்டாகே காளானில் குவானிலேட் என்ற வேறொரு பொருள் இருக்கிறது. இரண்டும் ஒரே பாத்திரத்தில் சேரும்போது சுவை பல மடங்கு ஏறுகிறது. எலும்பும் மீனும் இல்லாமலே சூப்புக்குக் கனம் வருவது இப்படித்தான்.

ஆகவே உலர் ஷிட்டாகே, கோம்பு, நல்ல சோயா சாஸ் இந்த மூன்றிலும் காசு போடுங்கள். காளானும் கடற்பாசியும் ஈரம் படாமல் இருந்தால் மாதக்கணக்கில் கெடாது. ஒரு சூப்புக்குக் கொஞ்சம்தான் செலவாகும் என்பதால், வாங்கும்போது விலை அதிகமாகத் தெரிந்தாலும் கிண்ணத்துக்கு என்று கணக்குப் போட்டால் கட்டுபடியாகும். ஸ்டாக் க்யூபைத் திருப்பிப் பாருங்கள். சேர்பொருள் பட்டியலில் எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வரும். பல க்யூபுகளில் முதல் பெயரே உப்பு. அப்புறம் கொழுப்பு, சர்க்கரை. காய்கறிப் பொடி எங்கோ கடைசியில். உங்களுக்கு உப்பு மட்டும் தெரிந்ததற்குக் காரணம் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறது.

காளான் வாங்கும்போது உறை வழியே அடிப்பக்கத்தைப் பாருங்கள். குடையின் கீழுள்ள மடிப்புகள் வெளிர் மஞ்சளாக இருந்தால் நல்லது. கறுத்துப் பழுப்பேறியிருந்தால் பழைய சரக்கு. மேலே பூப்போல வெடித்த தடித்த குடைகளுக்கு விலை அதிகம். அவை கடித்துச் சாப்பிட அருமை. சூப்பின் சாறுக்கு மட்டும் என்றால் மெல்லிய குடைகளே போதும், கூடுதல் காசு தேவையில்லை. கோம்புவின் மேல் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் பூஞ்சை என்று பயந்து கழுவிவிடாதீர்கள். அது மேனிடால் என்ற இயற்கையான சர்க்கரைப் பொருள், சுவையில் அதற்கும் பங்கு உண்டு. மணலோ தூசியோ இருந்தால் ஈரத்துணியால் லேசாக ஒற்றியெடுத்தால் போதும். பஞ்சுபோல வளர்ந்து பூசண வாடை அடித்தால் மட்டும் அது கெட்டுப்போனது.

சோயா சாஸில் இரண்டு வகை. ஒன்று சோயா, கோதுமை, உப்பு, தண்ணீர் இவற்றை மாதக்கணக்கில் புளிக்க வைத்து எடுப்பது. மற்றொன்று சோயாப் புரதத்தை அமிலத்தால் உடைத்துச் சில நாளில் தயாரித்து, கேரமல் நிறமும் இனிப்பும் சேர்ப்பது. பட்டியலில் ‘ஹைட்ரோலைஸ்டு’ என்ற சொல் தென்பட்டால் இரண்டாவது வகை. நான் எப்போதும் முதல் வகையைத்தான் சொல்வேன், இந்தச் சூப்பில் வேறு மறைப்பு மசாலா எதுவும் இல்லாததால் சாஸின் தரம் அப்படியே வெளியே தெரியும். சிறிய பாட்டிலாக வாங்கி, திறந்தபின் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

செய்முறை இவ்வளவுதான். ஒரு லிட்டர் தண்ணீரில் நான்கைந்து உலர் ஷிட்டாகேயையும் உள்ளங்கை அளவு கோம்புவையும் (சுமார் 10 கிராம்) போட்டு ஃப்ரிட்ஜில் இரவு முழுக்க ஊற விடுங்கள். காலையில் அப்படியே அடுப்பில் ஏற்றிச் சிறு தீயில் சூடாக்குங்கள். பாத்திரத்தின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் எழும்போதே கோம்புவை எடுத்துவிட வேண்டும். கொதிக்க விட்டால் சாறு வழுவழுப்பாகி லேசான கசப்பும் வரும். இந்த மெதுவான சூட்டில் ஒரு காரணம் இருக்கிறது. 60, 70 டிகிரி செல்சியஸ் சூட்டைக் கடக்கும்போதுதான் காளானில் குவானிலேட் நன்றாக உருவாகிறது. அவசரமாகக் கொதிநீரில் போட்டால் அந்தக் கட்டம் தாண்டிப் போய்விடும். கோம்புவை எடுத்தபின் நாலைந்து துண்டு இஞ்சியும் வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியும் போட்டு 15 நிமிடம் மெல்லக் கொதிக்க விட்டு, காளானை எடுத்து நறுக்கி மறுபடி சேருங்கள். 2 மேசைக்கரண்டி சோயா சாஸ். இரண்டு பேருக்குத் தாராளமாக வரும்.

கடைசியாக ஒரு கரண்டி எண்ணெயில் நசுக்கிய பூண்டைப் பொன்னிறமாக வறுத்து, சூடாகவே கிண்ணத்தில் ஊற்றுங்கள். தாவரச் சூப்பில் கொழுப்பு இருக்காது. கொழுப்பில்லாமல் மணம் நிற்காது. பலரும் விட்டுவிடும் படி இது.

கோம்பு கிடைக்கவில்லையா? வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, வெட்டிய முகம் கருகும்வரை வெறும் சட்டியில் வைத்து எடுங்கள். ஒரு கரண்டி தக்காளி விழுதை எண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்கிச் சேருங்கள். தக்காளியிலும் குளூட்டமேட் உண்டு. காளான் மட்டும் இருந்தாக வேண்டும்.

கேள்வி: என் அம்மாவுக்குத் தைராய்டு. கடற்பாசி போட்ட சூப் கொடுக்கலாமா?

பதில்: மருத்துவரைக் கேட்காமல் கோம்பு வேண்டாம். வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம்தான். ஒரே ஒரு கிராம் கோம்புவில் அதைப் போலப் பல மடங்கு இருக்கக்கூடும். துண்டை வெளியே எடுத்துவிட்டாலும் அயோடின் சாறில் இறங்கியிருக்கும். காளானும் கருக்கிய வெங்காயமும் வைத்துச் செய்யுங்கள், சுவையில் பெரிய குறை தெரியாது. கர்ப்பிணிகளுக்கும் இதே எச்சரிக்கை. அம்மா தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், டோஃபு போன்ற சோயா உணவு அந்த மருந்து உடலில் சேர்வதைத் தடுக்கலாம். எத்தனை மணி நேர இடைவெளி வேண்டும் என்பதையும் அப்படியே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ‘வெஜிடபிள்’ என்று எழுதி, பச்சை இலைப் படம் போட்ட பாக்கெட் வாங்கினேன். அது முழுக்கத் தாவரப் பொருள்தான் என்று நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். முன்பக்கத்தில் ‘வெஜிடபிள்’ என்பது பல நேரம் சுவையின் பெயர் மட்டுமே. மசாலாப் பொட்டலத்தில் பால் பொடியும் லாக்டோஸும் இருக்கலாம், நூடுல்ஸில் முட்டை இருக்கலாம். தலைகீழாகவும் நடக்கும்: கோழிச் சுவை என்று போட்ட பாக்கெட்டில் கோழியே இல்லாமல் இருப்பதுண்டு. படத்தை விட்டுவிட்டுப் பட்டியலைப் படியுங்கள்.

சந்தேகத்துக்குரிய எண்கள் இரண்டு. 631 என்பது டைசோடியம் இனோசினேட், 635 அதையும் குவானிலேட்டையும் கலந்தது. இவற்றை இறைச்சி, மீனிலிருந்தும் எடுக்கலாம், தாவர மூலப்பொருளை நொதிக்க வைத்தும் எடுக்கலாம். எண்ணை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது. அதனால் வீகன் (விலங்குப் பொருள் எதுவும் சேராதது) முத்திரை இல்லாத பாக்கெட்டில் இவை இருந்தால், தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்பதுதான் ஒரே வழி. எழுத்தில் பதில் வாங்குங்கள். மிசோ என்ற புளித்த சோயா விழுதை வாங்கும்போது மீன் சாறு கலந்து வருவதும் உண்டு, அதில் ‘டாஷி’ சேர்த்தது என்று இருக்கும். கிம்ச்சி என்ற கொரியக் காய்கறி ஊறுகாயில் மீன் சாஸும், கறி பேஸ்டில் இறால் விழுதும் மறைந்திருக்கும். ‘பால் இருக்கலாம்’ என்ற வரி வேறு. அதே ஆலையில் பால் பொருளும் கையாளப்படுகிறது என்று ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சொல்லும் எச்சரிக்கை அது. ஒவ்வாமை இருந்தால் தவிர்த்துவிடுங்கள், மற்றவர்கள் தங்கள் விருப்பப்படி முடிவு செய்யலாம்.

இன்னொன்று, மஞ்சள் நிறத்தைப் பார்த்து முட்டை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ராமென் என்ற ஜப்பானியக் கோதுமை நூடுல்ஸ் மாவில் சோடியம், பொட்டாசியம் கார்பனேட் போன்ற காரப்பொருள் சேர்ப்பார்கள். மாவு மஞ்சளாகி, நூலுக்கு இழுவை வருவது அதனால்தான். முட்டை இல்லாமலே அந்த நிறம் வரும்.

கேள்வி: எந்த நூடுல்ஸ் வாங்குவது? அரிசி, சோபா, கண்ணாடி நூடுல்ஸ் என்று அலமாரியே நிறைந்திருக்கிறது.

பதில்: முதலில் பொரித்ததா, காற்றில் உலர்த்தியதா என்று பாருங்கள். சீக்கிரம் வேகும் கட்டி நூடுல்ஸ் பெரும்பாலும் பாமாயிலில் பொரித்தது. கொழுப்பு 100 கிராமுக்கு 15 முதல் 20 கிராம் வரை என்று அட்டவணையில் இருந்தால் பொரித்தது. காற்றில் உலர்த்தியதில் இரண்டு மூன்று கிராமுக்குள்தான் இருக்கும். மேலே சொன்ன தெளிந்த சாறுக்கு உலர்த்தியதே பொருந்தும். பொரித்ததன் எண்ணெய் வாடை காளான் மணத்தை அமுக்கிவிடும்.

கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் சோபா விஷயத்தில் ஏமாந்துவிடக் கூடாது. சோபா என்பது பக்வீட் என்ற தானிய மாவில் செய்யும் ஜப்பானிய நூடுல்ஸ். பக்வீட்டில் குளூட்டன் (கோதுமையில் உள்ள புரதம்) கிடையாது, உண்மைதான். ஆனால் கடையில் கிடைக்கும் பல சோபா பாக்கெட்டுகளில் முதல் பெயரே கோதுமை மாவு. பக்வீட் சதவீதம் எழுதியிருந்தால் அதைப் பாருங்கள். அரிசி நூடுல்ஸும், பாசிப்பயறு மாவுச்சத்தில் செய்யும் கண்ணாடி நூடுல்ஸும் அவர்களுக்கு நல்ல மாற்று. ஆனால் சாதாரண சோயா சாஸிலேயே கோதுமை இருக்கிறது, கோதுமை சேர்க்காத வகையைத் தேடி வாங்க வேண்டும். கண்ணாடி நூடுல்ஸ் ஏறக்குறைய வெறும் மாவுச்சத்து. பயறு என்ற பெயரைப் பார்த்துப் புரதம் எதிர்பார்க்காதீர்கள். புரதத்துக்கு டோஃபு இருக்கிறது. கால்சியம் சல்பேட் போட்டு உறைய வைத்த டோஃபுவில் கால்சியமும் கூடுதலாகக் கிடைக்கும்.

எந்த நூடுல்ஸானாலும் தனியாக வேகவைத்து வடித்து, கிண்ணத்தில் போட்டு மேலே சாறை ஊற்றுங்கள். சூப்பிலேயே வேகவிட்டால் மாவு கரைந்து சாறு கலங்கிவிடும்.

கேள்வி: பாக்கெட் நூடுல்ஸ் சூப்பில் உப்பு அதிகம் என்கிறார்கள். என் பாக்கெட்டில் அப்படி ஒன்றும் பெரிய எண் தெரியவில்லையே?

பதில்: எந்த அளவுக்கு அந்த எண் என்று பாருங்கள். உதாரணமாக, 80 கிராம் பாக்கெட்டில் ‘ஒரு பரிமாறல் 40 கிராம், சோடியம் 800 மி.கி.’ என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். பாதிக் கட்டியை உடைத்து யாரும் செய்வதில்லை. முழுதாகச் சாப்பிட்டால் 1,600 மி.கி. சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு: 4 கிராம். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் சொல்வதே 5 கிராமுக்குக் குறைவாக என்றுதான். சில பாக்கெட்டுகளில் தண்ணீர் சேர்த்துத் தயாரித்த சூப் 100 மில்லிக்கு என்று கணக்குக் கொடுப்பார்கள். எண் இன்னும் சின்னதாகத் தெரியும், உப்பு அதேதான்.

வீட்டுச் சூப் உப்பில்லாதது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் சுமார் 900 மி.கி. சோடியம் இருக்கிறது. மேலே சொன்ன அளவில் ஆளுக்கு ஒரு கரண்டி விழும். வேறுபாடு என்னவென்றால், கரண்டி உங்கள் கையில் இருக்கிறது. உமாமி நன்றாக இறங்கிய சாறுக்குச் சாஸைப் பாதியாகக் குறைத்து, இறக்கும்போது எலுமிச்சை பிழிந்து பாருங்கள். பாக்கெட்டே வாங்குவதானால் மசாலாவில் பாதியைப் போட்டு, கிண்ணத்தில் மிஞ்சும் சாறைக் குடிக்காமல் விடுங்கள். உப்பில் பெரும்பகுதி அதில்தான் கரைந்திருக்கும்.

கேள்வி: ‘எம்எஸ்ஜி சேர்க்கப்படவில்லை’ என்ற பாக்கெட்டுக்குக் கூடுதல் விலை. கொடுக்கலாமா?

பதில்: அந்த ஒரு வரிக்காக வேண்டாம். எம்எஸ்ஜி என்பது குளூட்டமேட்டின் சோடிய உப்பு. பட்டியலில் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் இருந்தால் குளூட்டமேட் அதன் வழியாக வந்துவிட்டது. கோம்புவில் இருப்பதும் அதே குளூட்டமேட்தான். வழக்கமான அளவில் எம்எஸ்ஜி பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. கவலைப்பட வேண்டியது சோடியத்தைப் பற்றி.

கேள்வி: உலர் ஷிட்டாகே பாக்கெட்டைத் திறந்தால் உள்ளே நமுத்துப்போய், பூச்சி வேறு. கடையில் ‘திறந்ததை மாற்ற முடியாது’ என்கிறார்கள்.

பதில்: திறக்காமல் பூச்சி தெரியாதே, அந்த வாதம் நிற்காது. பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பூச்சியோடு அப்படியே ஒரு பையில் கட்டி, சமையலறைக்கு வெளியே வையுங்கள். தொகுதி எண், காலாவதி தேதி, பூச்சி மூன்றும் தெரியும்படி படம் எடுங்கள், ரசீதையும் சேர்த்து எடுங்கள். முதலில் கடைக்கு, அங்கே அசையவில்லை என்றால் பாக்கெட்டில் உள்ள தயாரிப்பாளர் முகவரிக்கு. வாய்ச்சொல்லாக வேண்டாம், எழுத்தில் அனுப்புங்கள். பணம் திரும்ப வேண்டுமா, வேறு பாக்கெட் வேண்டுமா என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் புகார் செய்யலாம்.

அடுத்த முறை வாங்கும்போது பாக்கெட்டை லேசாகக் குலுக்கிப் பாருங்கள். நன்றாகக் காய்ந்த காளான் கலகலவென்று சத்தம் போடும். அடியில் மரத்தூள்போல் பொடி சேர்ந்திருந்தால் எடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, பாக்கெட்டில் இருந்த ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தையும் அதிலேயே வையுங்கள். வெயில் காலத்தில் ஃப்ரீசரில் வைத்தால் பூச்சித் தொல்லையே இருக்காது.